டிவிடியிலிருந்து கேசட்டுக்கு

வணக்கம் நேயர்களே. பழைய கல்யாணக் கேசட்டை டிவிடியாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் நிறையப் பேர். நான் பேச வந்தது அதற்கு நேரெதிர் வேலையைப் பற்றி. டிவிடியில் இருப்பதைக் கேசட்டில் ஏற்றுவது. ‘இந்தக் காலத்தில் யாருக்குங்க அது?’ என்று உங்களில் பலர் சிரிப்பீர்கள். டெக், அதாவது வீடியோ கேசட்டை ஓட்டவும் பதியவும் உதவும் விசிஆர், செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாயே 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது, நிஜம்தான். ஆனால் டெக் ஓடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

கும்பகோணத்தில் என் பெரியம்மா வீடு அப்படிப்பட்டது. பேரன் கல்யாணத்தை டிவிடியில் கொடுத்தார்கள், கூடவே ஒரு பிளேயரும் வாங்கிக் கொடுத்தார்கள். பெரியம்மா அதைத் தொடவில்லை. ரிமோட்டில் எழுத்து பொடிசு என்றார், மெனு முழுக்க இங்கிலீஷ் என்றார். உண்மைக் காரணம் அப்புறம்தான் வந்தது. “நான் ஊஞ்சல் வரைக்கும் பார்த்துட்டு நிறுத்தினேன்டா. மறுநாள் போட்டா மறுபடியும் பிள்ளையார் படத்துலேர்ந்து ஆரம்பிக்குது.” யோசித்துப் பாருங்கள், நியாயமான புகார். டிஸ்க்கை வெளியே எடுத்தால் பல பிளேயர்களுக்கு எல்லாம் மறந்துவிடும். கேசட் நிறுத்திய இடத்திலேயே நிற்கும். கையில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கே போட்டாலும் ஊஞ்சலிலிருந்தே ஓடும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், மெமரியும் வேண்டாம். நான் பார்த்த எந்தப் புதுக் கருவியிலும் இந்த வசதி இவ்வளவு எளிமையாக இல்லை. பெரியம்மா சொன்னது சரி. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள் உங்களுக்குத் தெரியும். பிளேயரின் ‘அவுட்’டிலிருந்து டெக்கின் ‘இன்’னுக்குப் போகவேண்டும். டெக்கை ஏவி சேனலில், அதாவது வெளியிலிருந்து வயரில் வரும் படத்தை எடுக்கும் சேனலில், வையுங்கள். முதலில் டெக்கில் ரெக்கார்டை அழுத்தி, சில நொடி ஓடவிட்டு, பிறகு டிஸ்க்கை ஓட்டுங்கள். மூன்று மணி நேரக் கல்யாணம் பதிவாக மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது.

அதற்கு முன்னால் ஒன்று. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பிளேயரின் செட்டப்பில் டிவி எந்த வகை என்று கேட்கும். பலர் அதை 16:9, அதாவது அகலத் திரை, என்றே விட்டுவிடுகிறார்கள். அகலப் படமாக எடுத்த டிஸ்க் என்றால் பழைய பெட்டி டிவியில் மாப்பிள்ளை, மாமனார் எல்லோரும் முருங்கைக்காய் போல நீண்டு தெரிவார்கள். நேரே டிஸ்க்கைப் பார்க்கும்போது இது நடந்தால் மாற்றிக்கொள்ளலாம். கேசட்டில் ஏறிவிட்டால் அந்த மாமனார் ஆயுளுக்கும் ஒல்லிதான். ஆகவே ‘4:3 லெட்டர்பாக்ஸ்’. மறக்காதீர்கள், 4:3 லெட்டர்பாக்ஸ். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.

படம் டிவிடி மாதிரியே இருக்குமா என்றால், இருக்காது. குறுக்குவாட்டில் விஎச்எஸ், அதாவது நம் வீட்டு வீடியோ கேசட், காட்டக்கூடிய நுணுக்கம் சுமார் 240 கோடுகள். டிவிடி அதைப்போல் இரண்டு மடங்கு காட்டும். நிறத்தில் இன்னும் மோசம். அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையைப் பாருங்கள், கரையைத் தாண்டிச் சிவப்பு பக்கத்தில் கசிந்திருக்கும். ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கு எடுத்தால் இன்னும் கசியும். எத்தனை பிரதி வேண்டுமானாலும் ஒவ்வொன்றையும் டிஸ்க்கிலிருந்தே எடுங்கள்.

கடையில் வாங்கிய சினிமா டிஸ்க் என்றால் வேறு கதை. படம் பளிச்சென்று ஆகும், மங்கும், மறுபடி பளிச்சென்று ஆகும். வயரைக் குறை சொல்வார்கள், டெக்கைத் திறந்து ஹெட் துடைப்பார்கள். டெக்கில் ஒரு குறையும் இல்லை. அது மாக்ரோவிஷன் என்ற பூட்டு, 1980களிலேயே கேசட்டுகளுக்கு வந்தது. வருகிற சிக்னலின் அளவைப் பார்த்து டெக் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத வரிகளில் பொய்யான துடிப்புகளைச் செருகி அதைக் குழப்புகிறார்கள். ரெக்கார்டே செய்யாமல், டிவியில் ஏவி ஓட்டை இல்லையே என்று பிளேயரை டெக் வழியாக இணைத்தாலும் இதே கூத்துதான். படம் எடுத்தவருடைய பூட்டு அது, அதை உடைக்கும் வழி சொல்ல நான் வரவில்லை. உள்ளூர் ஸ்டுடியோ எழுதிக் கொடுத்த கல்யாண டிஸ்க்கில் பொதுவாக இந்தப் பூட்டு இருக்காது. நான் பேசுவது அதைப் பற்றித்தான்.

நேரம் முடிந்தது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். பூஞ்சையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: கேசட்டைப் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள், ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்து நாடாவின் ஓரத்தில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், டெக்கில் போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். பதிவு முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள், யாரும் மேலே சீரியலைப் பதிந்துவிட முடியாது. வணக்கம்.