உப்பிட்டவர் பெயரைச் சொல்லுவோம்

(ஜூன் 24 அன்று எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் நடத்திய கண்ணதாசன் - விஸ்வநாதன் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் ஐயா அவர்களே, வரவேற்புரையிலேயே பாதி விழாவை நடத்தி முடித்துவிட்ட எங்கள் வாசகர் வட்டச் செயலாளர் தம்பி அவர்களே, பெண்கள் பள்ளியிலிருந்து எண்பது பிள்ளைகளை வரிசை கலையாமல் அழைத்து வந்து அமர வைத்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

விழா தொடங்குமுன் மங்கல இசை வழங்கிய நாகசுர வித்வானையும் தவில் வித்வானையும் இந்த மேடைக்கு அழைத்து முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தலைவர் அம்மா உடனே எழுந்து தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்கள். அதற்கு என் தனி நன்றி. வாசித்தவர்கள் வாசித்துவிட்டுப் பின்வாசல் வழியே போய்விடுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. இன்றைக்கு அது நடக்கவில்லை. தேநீருக்குச் செலவை ஏற்றுக்கொண்ட மளிகைக்கடை அண்ணாச்சிக்கும், வாடகை வாங்காமல் மைக்செட் போட்டுக் கொடுத்த தம்பிகளுக்கும் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, இந்த நாளின் பெருமை. இரண்டு, மெட்டு முந்தியா பாட்டு முந்தியா என்ற பழைய வழக்கு. மூன்று, 1965-இல் இசை இரட்டையர் விஸ்வநாதன் - ராமமூர்த்தி பிரிந்த பிறகு திரையிசை எப்படி மாறியது என்பது. இவை மூன்றுக்கும் அடியில் ஒரு பழமொழி ஓடுகிறது. எந்த மேடையிலும் அதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை.’

முதலில் இந்த நாள். 1927 ஜூன் 24. காரைக்குடிப் பக்கம் சிறுகூடல்பட்டியில் முத்தையா என்ற குழந்தை பிறக்கிறது, பின்னாளில் நம் கவிஞர் கண்ணதாசன். சரியாக ஒரு வருடம் கழித்து, 1928 ஜூன் 24. பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் விஸ்வநாதன் பிறக்கிறார். ஒருவர் செட்டிநாடு, ஒருவர் மலையாளக் கரை. ஒருவருக்குப் பேச்சே கவிதை, இன்னொருவருக்குத் தமிழை எழுதிப் படிப்பதை விடப் பாடுவது எளிது. இருவருக்கும் வாசல் திறந்தது ஒரே கம்பெனி, ஜூபிடர் பிக்சர்ஸ். 1949-இல் வந்த ‘கன்னியின் காதலி’யில் ‘கலங்காதிரு மனமே’ என்று கவிஞர் தன் முதல் திரைப்பாட்டை எழுதினார். அது ஜூபிடர் படம். அதே ஜூபிடரில் அதற்கு முன்பே ஒரு பையன் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டு, ஆர்மோனியத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு திரிந்தான்.

அந்தப் பையனின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். மெல்லிசை மன்னர் விஸ்வநாதனே பல மேடைகளில் நெகிழ்ந்து சொன்னது இது.

கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோ. இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு ‘அபிமன்யு’ படத்துக்கு ஒரு மெட்டுக்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார். எதைப் போட்டாலும் மனசுக்குப் பிடிக்கவில்லை. ஆர்மோனியத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறார். அறையில் யாரும் இல்லை. நம் பையன் மெல்ல உட்கார்ந்து, துருத்தியை அழுத்தி, தனக்குத் தோன்றியதைப் பாடிப் பார்க்கிறான். திரும்பி வந்த நாயுடு வாசலிலேயே நின்றுவிடுகிறார். பையன் பதறி எழுகிறான். எடுபிடி வேலைக்கு வந்தவன் இசையமைப்பாளரின் ஆர்மோனியத்தில் கை வைத்தால் வேலை போகும். நாயுடு அடிக்கவில்லை, திட்டவில்லை. இன்னொரு தரம் பாடச் சொன்னார். அந்த மெட்டுத்தான் ‘புது வசந்தமாமே வாழ்விலே’ என்று 1948-இல் படத்தில் வந்தது. ஊரெல்லாம் பாடியது.

ஆனால், பெரியோர்களே, அந்த மெட்டைப் போட்டவன் பெயர் வெளியே வரவில்லை. ஒரு சிறுவன் போட்டது என்று முதலாளிகளுக்குத் தெரிந்தால் பாட்டையே தள்ளிவிடுவார்கள், அதனால் வாயைத் திறக்காதே என்று நாயுடு சொல்லியிருந்தார். பையனும் திறக்கவில்லை. காலம் ஓடுகிறது. ஜூபிடர் கோவையை விட்டுச் சென்னைக்குக் கிளம்புகிறது. ஆட்களுக்குக் கணக்குத் தீர்க்கிறார்கள். பையனுக்கும் வேலை இல்லை. அப்போது நாயுடு முதலாளி சோமுவிடம் போய், “நீங்கள் மெச்சிய அந்த மெட்டு என்னுடையது இல்லை, இந்தப் பையனுடையது, இவனை விட்டுவிடாதீர்கள்” என்ற பொருள்படச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைதான் விஸ்வநாதனைச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தது.

கதை இன்னும் முடியவில்லை. நாயுடுவுக்கு வயதாகிறது. வாய்ப்புகள் குறைகின்றன. விஸ்வநாதனோ கொடி கட்டிப் பறக்கிறார். நாயுடுவையும் அவர் மனைவியையும் தன் வீட்டுக்கே அழைத்து வந்து வைத்துக்கொண்டார். 1979-இல் நாயுடு மறைந்தபோது மகனுக்கு மகனாக நின்று காரியம் செய்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை! (கைதட்டல்) உங்கள் கைதட்டலில் பாதி விஸ்வநாதனுக்கு என்றால், மீதிப் பாதி சுப்பையா நாயுடுவுக்குச் சேர வேண்டும். ‘இது என்னுடையது இல்லை’ என்று சொல்ல எத்தனை பெரிய மனசு வேண்டும்!

மெட்டா பாட்டா என்ற வழக்கையும் ஒரு வாய் சொல்லிவிடுகிறேன். விஸ்வநாதன் தத்தகாரம் சொல்வார், அதாவது சொல் இல்லாமல் மெட்டை மட்டும் ‘தன்னன்னா’ என்று பாடிக் காட்டுவார். கவிஞர் கண்ணை மூடிக்கொண்டு வரிகளைக் கொட்டுவார். எழுதிக்கொண்டவர் கவிஞரின் உதவியாளர் பஞ்சு அருணாசலம். சில நேரம் வரி முதலில் வரும், மெட்டு பின்னால் வரும். அந்த அறையில் விஸ்வநாதனோடு டி.கே.ராமமூர்த்தியும் இருந்தார் என்பதை இன்று பல பேர் மறந்துவிட்டார்கள். 1952-இல் ‘பணம்’ படத்தில் தொடங்கி 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை இரட்டைப் பெயர்தான். ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ மூன்றும் 1961 என்ற ஒரே வருடத்தில் வந்தவை. மூன்றுக்கும் இசை இரண்டு பேர். நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள், எம்.எஸ்.வி. என்பார்கள். வயலினைத் தோளில் வைத்து அந்தப் பாட்டுகளுக்கு உயிர் கொடுத்த ராமமூர்த்தியின் பெயர் பாதியில் உதிர்ந்துவிட்டது.

என் வருத்தம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் பாட்டுப் பதிவு என்றால் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒருவர் ஒரு தட்டுத் தவறினாலும் மறுபடி பல்லவியிலிருந்து. அப்படி வாசித்தவர்கள் தபேலா பிரசாத், ஷெனாய் சத்யம், புல்லாங்குழல் நஞ்சப்பா, அக்கார்டியன் மங்களமூர்த்தி. இந்த நாலு பெயரையும் இதற்கு முன் கேட்டவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். (நாலைந்து கைகள்) இதே நாலு பேரின் வாசிப்பைக் கேட்காதவர் இந்தக் கூடத்தில் ஒருவர்கூட இருக்க முடியாது.

1964-இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ‘அவளுக்கென்ன அழகிய முகம்’ பாட்டை வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். எழுதியவர் வாலி. பாட்டு தொடங்குவதே ஒலிப்பதிவுக் கூடத்தில். டி.எம்.சௌந்தரராஜன் மைக் முன்னால் நிற்கிறார். விஸ்வநாதன் கையை வீசி வாத்தியங்களை இழுத்துக்கொண்டு வருகிறார். வாத்தியக்காரர்களின் முகங்கள் தெரிகின்றன, விரல்கள் தெரிகின்றன. நம் திரையுலகம் அவர்களுக்கு வெளிச்சம் கொடுத்த அபூர்வமான ஒரு தருணம் அது. ஆனால் எந்த விரல் யாருடையது என்று திரையில் ஒரு எழுத்து கிடையாது.

பெயர் சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லாமல் இல்லை. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் நமக்குக் கற்றுக் கொடுத்த ஒழுக்கம் அது. எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா, அம்மியில் அரைத்துக்கொண்டே ‘இது கண்ணதாசன், இது மருதகாசி’ என்று பிரித்துச் சொல்வார். பள்ளிக்கூடம் அவருக்கு வானொலிதான். இன்று கைபேசியில் ஆயிரம் பாட்டு இருக்கிறது. நடிகர் படம் இருக்கிறது. எழுதியவர் பெயரைத் தேடினால் பல நேரம் அந்த இடம் காலியாக இருக்கிறது, இருந்தாலும் தவறாக இருக்கிறது. பண்பலை வானொலியில் பாட்டு முடியுமுன்னே விளம்பரம் வந்துவிடுகிறது.

பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். காலையில் பிரார்த்தனைக் கூட்டத்தில் ‘நீராருங் கடலுடுத்த’ பாடுகிறீர்கள் அல்லவா? எழுதியவர் யார்? (மனோன்மணீயம் சுந்தரனார் என்று பிள்ளைகள்) சபாஷ். மெட்டுப் போட்டவர் யார்? (அமைதி) அவர்தான் பிள்ளைகளே, இன்றைக்குப் பிறந்தவர். 1970-இல் மோகன ராகத்தில் மெட்டமைத்துக் கொடுத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன். டி.எம்.எஸ்ஸும் பி.சுசீலா அம்மாவும் பாடினார்கள். நாள்தோறும் 55 விநாடி அவர் மெட்டில் எழுந்து நிற்கிறோம், அவர் பெயர் நமக்குத் தெரியவில்லை. கவிஞருக்காவது ‘குழந்தைக்காக’ படப்பாட்டுக்குத் தேசிய விருதும், 1980-இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தன. விஸ்வநாதன் தேசிய விருதும் பத்ம விருதும் இல்லாமலே 2015 ஜூலை 14 அன்று போய்ச் சேர்ந்தார். உப்பிட்டவரை நாம் நினைத்த லட்சணம் இதுதானா?

1965-க்குப் பிந்திய கதையைச் சொல்ல நேரமில்லை. செயலாளர் தம்பி இரண்டு முறை துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். அதனால் கோரிக்கைக்கு வருகிறேன். தலைமையாசிரியை அம்மா, ஆண்டுக்கு ஒரு முறை, ஜூன் 24 காலையில், தமிழ்த்தாய் வாழ்த்துக்கு முன்னால் மெட்டமைத்தவர் பெயரை ஒரு பிள்ளை எழுந்து சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். விடுமுறை நாளாக வந்தால் மறுநாள் சொல்லட்டும். நூலக அலுவலர் ஐயா, இசைத்தட்டு உறைகளையும் பழைய பாட்டுப் புத்தகங்களையும் சேர்க்க ஒரு அலமாரி தாருங்கள். சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற அந்தப் பாட்டுப் புத்தகங்கள் இன்னும் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவற்றில்தான் எந்தப் பாட்டை யார் எழுதினார் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பழைய பேப்பர்காரரிடம் போடாமல் இங்கே கொண்டு வாருங்கள். இந்த வட்டாரத்தில் சினிமாக் குழுக்களில் வாசித்தவர்களின் குடும்பம் யாராவது இருந்தால், அவர்கள் எந்தப் பாட்டுக்கு வாசித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ள எங்கள் இளைஞர்கள் வீட்டுக்கே வருவார்கள்.

வானொலி நிலையங்களும் பாட்டுச் செயலிகளும் எழுதியவர், இசையமைத்தவர், வாசித்தவர் பெயர்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று ஒரு மனு தயாராக இருக்கிறது. வாசல் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்தை நாகசுர வித்வான் போடட்டும், அடுத்தது தலைவர் அம்மா. மற்றவர்கள் தேநீர் குடித்துவிட்டு வரிசையில் வாருங்கள். இன்னிசைக் குழு மேடையேறக் காத்திருக்கிறது. அறிவிப்பாளர் தம்பி, தபேலா வாசிக்கிற பிள்ளையின் பெயரிலிருந்து தொடங்கு.

நன்றி, வணக்கம்.