ஆடின காலும் பாடின வாயும்: ஏசி/டிசி திரும்பி வந்த கதை

(நூலக வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, தன் வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அக்கா அவர்களே, இந்தக் கூடத்தை வாடகையில்லாமல் தந்த நூலகர் அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் அவர்களே, டாக்டர் எதற்கு இந்தக் கூட்டத்துக்கு என்று யோசிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும், எல்லோருக்கும் வணக்கம். மைக் செட் தம்பிக்குத் தனி வணக்கம். இன்றைக்கு முக்கிய விருந்தினரே அவர்தான்.

ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ஹார்டு ராக் (அதிரடியான ராக் இசை) குழு 2020 நவம்பர் 13 அன்று ‘பவர் அப்’ ஆல்பத்தை வெளியிட்டது. அதைப்பற்றி மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, அது எப்படி உருவானது. இரண்டு, அந்தக் கிதார் வாசிப்பில் என்ன விசேஷம். மூன்று, இசைத்தட்டு வியாபாரம். பழமொழி ஒன்றும் உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து 1963-இல் சிட்னிக்குக் குடியேறிய குடும்பத்தின் பிள்ளைகள், கிதார் வாசிக்கும் அண்ணன் மால்கமும் தம்பி ஆங்கஸும். 1973-இல் குழு தொடங்கினார்கள். அக்காவின் தையல் மெஷினில் எழுதியிருந்ததுதான் குழுவின் பெயரானது. பள்ளிக்கூட டிரவுசரும் கோட்டும் போட்டு ஆடச் சொன்னதும் அந்த அக்காதான். ஆங்கஸ் எழுபது வயதிலும் அதே டிரவுசரில்தான் மேடை ஏறுகிறார்.

2014-இலிருந்து குழுவுக்கு ஏழரை. மால்கமுக்கு மறதிநோய் வந்து விலகினார். நோயின் அறிகுறிகள் அதற்கு முன்பே, 2008-இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தின்போதே தெரிந்துவிட்டன. தானே போட்ட கிதார் மெட்டுகளை, நிகழ்ச்சிக்கு முன்னால் உட்கார்ந்து மறுபடி மறுபடி வாசித்துப் பழகிக்கொண்டு மேடைக்குப் போனார். டிரம்மர் ஃபில் ரட் நியூசிலாந்தில் வழக்கில் சிக்கி வீட்டுக்காவலில் இருந்தார். 2016 மார்ச்சில் பாடகர் பிரையன் ஜான்சனிடம், இப்படியே பாடினால் காது முழுதாகப் போய்விடும் என்று டாக்டர்கள் கைவிரிக்க, ‘கன்ஸ் அண்ட் ரோசஸ்’ குழுவின் பாடகர் ஆக்சில் ரோஸ் வந்து பாடி மிச்ச நிகழ்ச்சிகளை முடித்துக் கொடுத்தார். பேஸ் கிதார் வாசித்த கிளிஃப் வில்லியம்ஸ் ஓய்வு பெற்றார். 2017 நவம்பரில் மால்கம் காலமானார். அதோடு கடையைக் கட்டிவிட்டார்கள் என்றுதான் உலகமே நினைத்தது.

ஆனால் பாடின வாய் சும்மா இருக்குமா? 2018-இல் வான்கூவரில் ஒரு ஸ்டூடியோ பக்கம் பழைய ஆட்கள் நடமாடும் படங்கள் கசிந்தன. அண்ணனும் தம்பியும் பல வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த மெட்டுகளை ஆங்கஸ் எடுத்துக் கோத்தார். பன்னிரண்டு பாட்டிலும் இயற்றியவர் பெயர் ஆங்கஸ், மால்கம் என்றே இருக்கிறது. மால்கம் இருந்த இடத்தில் வாசித்தவர் அவர்களின் அண்ணன் மகன் ஸ்டீவி. ஜான்சனுக்கு அப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்றிலும் முதலிடம். ஆல்பத்தின் டீலக்ஸ் பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் சிவப்பு விளக்கு எரிந்து பாட்டு ஒலிக்கும், சார்ஜ் போட ஒயரும் உள்ளேயே இருக்கும். இசையில் புதுசு என்ன என்றால், ஒன்றுமில்லை. நல்லவேளை.

இங்கே ஒரு கதை சொல்லியே ஆகவேண்டும். 1980 பிப்ரவரியில் அவர்களின் பழைய பாடகர் பான் ஸ்காட் லண்டனில் இறந்துபோனார். அடுத்த சில மாதங்களுக்குள் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டு ‘பேக் இன் பிளாக்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். முதல் பாட்டு மணியோசையில் தொடங்கவேண்டும், சாவு மணி. இங்கிலாந்தில் லஃப்பரோ என்ற ஊரில், தலைமுறை தலைமுறையாகத் தேவாலய மணி வார்க்கும் பட்டறையில் ஒரு டன் எடையில் மணிக்கு ஆர்டர் கொடுத்தார்கள். மணி சொன்ன தேதிக்குத் தயாராகவில்லை. சரி, அதே ஊரில் போர் நினைவுக் கோபுரத்தில் பெரிய மணி தொங்குகிறதே, அதைப் பதிவு செய்யலாம் என்று ஒலிப்பதிவு வண்டியோடு போனார்கள். அடித்தால், கோபுரத்தில் குடியிருந்த பறவைகள் மொத்தமும் படபடவென்று கிளம்புகின்றன! மறுபடி அடிக்கிறார்கள், மறுபடி படபட. ஒவ்வொரு அடிக்கும் சிறகுச் சத்தம்தான் முதலில் விழுகிறது. எங்கள் ஊர்க் கோபுரத்துப் புறாக்களைக் கேட்டிருந்தால் முன்னாடியே சொல்லியிருக்கும். கடைசியில் புது மணி வார்த்து முடிந்ததும், பட்டறையிலேயே அதைத் தொங்கவிட்டு, மணி செய்த ஆளையே சுத்தியலால் அடிக்கவைத்துப் பதிந்தார்கள். அப்புறம் நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டி, இன்னும் பெரிய மணியின் ஓசையாக்கினார்கள். அந்த மணி சுற்றுப்பயணத்துக்கும் கூடவே போனது. ராத்திரிக்கு ராத்திரி ஜான்சன் சுத்தியலை எடுத்து மணியை அடிப்பார், முதுகுக்குப் பின்னால் மார்ஷல் ஆம்ப்ளிபயர்கள் சுவராக நிற்கும்.

இப்போது அந்தக் காதை நினைத்துப் பாருங்கள்.

ஜான்சன் தன் காது போனதற்குப் பாட்டைக் குறை சொல்வதில்லை. கார் பந்தயப் பைத்தியம் அவர். ஒருநாள் காதடைப்பான் போடாமல் வண்டி ஓட்டியதில் செவிப்பறை கிழிந்தது என்றுதான் சொன்னார். முப்பத்தாறு வருஷம் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றவர் சொல்வதை நான் அப்படியே நம்பத் தயாரில்லை. போகட்டும், இரண்டுமே சத்தம்தான். காதுக்குள்ளே ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்கள் பதினாறாயிரம் அளவில்தான் நமக்குப் பிறக்கும்போதே இருக்கின்றன, செத்தால் மறுபடி முளைக்காது. டாக்டர் தலையாட்டுகிறார், நன்றி. சத்தத்தை டெசிபல் என்ற அளவில் சொல்வார்கள்; 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்கலாம். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வெறும் பதினைந்து நிமிஷம்தான். ஜான்சனுக்கு, ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் என்ற காதுக்கருவி வல்லுநர் புதுக் கருவி ஒன்று செய்து கொடுத்து மறுபடி மேடையேற்றினார். 2023 அக்டோபரில் கலிபோர்னியாவில் ஜான்சன் பாடினார். அவருக்கு ஆம்ப்ரோஸ் கிடைத்தார். நம் கோயில் கொடையில் பாக்ஸ் பக்கத்தில் ராத்திரி முழுக்க ஒயர் சுற்றும் பையனுக்கு யார் கிடைப்பார்?

கிதார் பற்றியும் இசைத்தட்டு வியாபாரம் பற்றியும் சொல்கிறேன் என்றேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டையும் இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. அது தூங்குகிறவர்களுக்கான விதி. வேலை செய்கிறவர்களின் காதுக்கு யாரும் பேசுவதில்லை. தவில் வாசிக்கிறவர், செண்டை அடிக்கிறவர், மைக் செட் தம்பி, ஜெனரேட்டர் அண்ணன், இவர்கள் எல்லோருக்கும் காதடைப்பான் வாங்கிக்கொடுப்பது விழாக் கமிட்டியின் செலவாக இருக்கட்டும் என்கிறேன். பஞ்சு உருண்டை போல இருக்கும் சாதாரண ரகம் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. ஒரு நாள் வாணவெடிக்கு ஆகும் பணத்தில் ஒரு ஊருக்கே வாங்கலாம். இரண்டாவது, குழந்தைகளைப் பாக்ஸ் மேலேயும் முன்னாலேயும் உட்காரவைக்காதீர்கள். கயிறு கட்டித் தூரம் விடுங்கள். அக்கா, இதை வார்டுக் கூட்டத்தில் நீங்கள்தான் எழுப்பவேண்டும், நான் எழுப்பினால் ‘சத்தம் போடுகிறார்’ என்பார்கள்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது, சரி. காது மட்டும்தான் தன் பாட்டுக்குச் சும்மா இருந்தே கெட்டுப்போகிறது. மனு வாசல் மேஜையில் இருக்கிறது. டீக்கு முன்னால் கையெழுத்து, கையெழுத்துப் போடாதவர்களுக்கு வடை கிடையாது என்று நூலகர் சொல்லச் சொன்னார். தம்பி, மைக்கைக் கொஞ்சம் குறைத்து வை, நன்றியுரை சொல்பவருக்குக் குரல் கணீரென்று இருக்கும்.