பாதிக் கிணறும் இரண்டாவது பேருந்தும்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் போக்குவரத்துத் துறையின் மூத்த அதிகாரி அவர்களே, வரவேற்புரையில் என் தகுதிக்கு மேல் நல்ல வார்த்தை சொன்ன செயலாளர் அவர்களே, புள்ளியியல் ஆசிரியப் பெருமக்களே, வேலை முடிந்து சீருடையோடு நேராக இங்கே வந்திருக்கும் ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே, மாணவ மாணவியரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

பின்வரிசையில் இருக்கும் தோழர்கள் தயவுசெய்து முன்னால் வர வேண்டும். இங்கே இடம் இருக்கிறது. இன்று நாங்கள் பேசப்போகும் தரவு முழுவதும் உங்கள் வண்டியில் பிறந்தது. அது உங்களுக்குப் பின்னால் உட்காரலாம், நீங்கள் அதற்குப் பின்னால் உட்காரக் கூடாது. வாருங்கள். சரி, நன்றி.

அதிகாரி அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு அதிகாரிகள் வருவார்கள், வாழ்த்துவார்கள், அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது என்று புறப்பட்டு விடுவார்கள். இவர் பேசி முடித்த பிறகும் உட்கார்ந்திருக்கிறார், கையில் பேனாவும் வைத்திருக்கிறார். அந்தப் பேனாவை நம்பித்தான் இன்று பேசப்போகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, பொதுப் போக்குவரத்துத் தரவைக் கொண்டு நகரத்தின் வறுமையை அறிவது. மூன்று விஷயங்களைச் சொல்லலாம் என்று வந்தேன். அந்தத் தரவு எதைக் காட்டுகிறது என்பது முதலாவது. எதை மறைக்கிறது என்பது இரண்டாவது. பயணிகளின் அந்தரங்கத்தை எப்படிக் காப்பது என்பது மூன்றாவது. இந்த மூன்றுக்கும் முன்னால் என் அப்பா அடிக்கடி சொன்ன ஒரு பழமொழி. பாதிக் கிணறு தாண்டினவன் கிணற்றுக்குள்தான் விழுவான். கால்வாசி தாண்டினாலும் கிணறு, முக்கால்வாசி தாண்டினாலும் கிணறு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வருவேன்.

ஏழைகள் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடம் போடும் வேலை புதிதல்ல. 1889-இல் லண்டனில் சார்லஸ் பூத் என்ற சமூக ஆய்வாளர் தெருத்தெருவாக நிறம் பூசிய வரைபடம் வெளியிட்டார். மிக வறிய தெருவுக்குக் கறுப்பு, செல்வர் தெருவுக்கு மஞ்சள். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடுவீடாகப் போன பணியாளர்கள் சொன்ன தகவல்தான் அதற்கு அடிப்படை. அதாவது, கால் நடந்து சேர்த்த தரவு. இன்று இங்கிலாந்தில் நாட்டையே சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, சராசரியாக 1,500 பேருக்கு ஒரு வட்டாரம் என்று வைத்து, வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், வீடும் சேவைகளும் எட்டும் தூரம், வாழும் சூழல் என ஏழு வகையில் பின்தங்கிய நிலையை அளக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் 2010-இல் ஒரு பட்டியல், அடுத்தது 2015, அதற்கடுத்தது 2019. இடைப்பட்ட நாலைந்து ஆண்டில் ஆலை மூடினால், குடியிருப்பைக் காலி செய்தால், அந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

பயணிகள் கருவியில் தட்டி ஏறுகிற பேருந்து அட்டைக்கு மறுநாளே தெரிந்துவிடும். அதுதான் இந்தத் தரவின் பலம். லண்டனில் ஓய்ஸ்டர் என்ற அப்படிப்பட்ட பயண அட்டை 2003-இல் வந்தது. அதன் பதிவுகளை அந்த ஏழு வகைப் பட்டியலோடு ஒப்பிட்டு 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. பின்தங்கிய வட்டாரங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு பின்தங்கிய வட்டாரங்களிலிருந்தே வருகிறார்கள் என்று அதில் தெரிந்தது. ஏழைத் தெருவுக்கு ஏழைத் தெருவோடுதான் போக்குவரத்து. நகரம் ஒன்று என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், அதற்குள் இரண்டு நகரம் ஓடுகிறது.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். நோய் பரவியபோது நியூயார்க்கில் மன்ஹாட்டன் சுரங்க ரயில் நிலையங்கள் வெறிச்சோடின. பிராங்ஸ் பகுதி நிலையங்களில் கூட்டம் அந்த அளவுக்குக் குறையவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க வழியில்லாதவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதை நுழைவாயில் கருவி சொல்லிவிட்டது. ஒரு கேள்வித்தாள் இல்லை, ஒரு கணக்கெடுப்பாளர் இல்லை.

இதுவரை எல்லாம் நன்றாக இருக்கிறது. இங்கேயே நிறுத்தினால் பாதிக் கிணறு. ஒரு சம்பவம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நகரம். பெயர் வேண்டாம், அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். அங்கே ஒரு ஆலோசனைக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். திரையில் வரைபடம். நகரத்தின் விளிம்பில் உள்ள குடியிருப்பிலிருந்து அதிகாலையில் புறப்படும் கோடுகள் எல்லாம் ஒரு நாற்சந்தியில் போய் முடிகின்றன. அங்கே பெரிய சிவப்பு வட்டம். "ஏழைகள் அதிகம் வேலை பார்க்கும் இடம் இது, இங்கே நிழற்குடையும் பெஞ்சும் போடலாம்" என்றார்கள். நான் கேட்டேன், "அந்தச் சந்தியில் என்ன வேலை இருக்கிறது?" ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்குப் போய் அந்தச் சந்தியில் நின்றேன். முதல் வண்டி வந்தது. அறுபது பேருக்கு மேல் இறங்கினார்கள், முக்கால்வாசி பெண்கள். இறங்கியவர்கள் ஒருவர்கூட அங்கே நிற்கவில்லை. சாலையைக் கடந்து, வரிசையாக, பேசாமல், வடக்கே பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் வடக்கே போகிற வேறொரு வண்டி நிற்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது. ஏழெட்டுப் பேர்தான் ஏறியிருக்கிறார்கள். இவர்கள் அதை ஒட்டியே நடந்து போகிறார்கள், ஏறவில்லை.

ஒரு அம்மா கொஞ்சம் ஓரமாக நின்று பையைத் திறந்தார். காலில் இருந்த செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். வேறொரு செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதன் அடி தேய்ந்து, குதிகால் பக்கம் தரை தெரிகிற மாதிரி இருந்தது. "என்னம்மா, செருப்பை மாத்துறீங்க?" என்று கேட்டேன்.

"இது நடக்கறதுக்கு சார். அது வேலைக்கு."

"எவ்வளவு தூரம்?"

"முக்கால் மணி நேரம் ஆகும். ஆபீஸ் திறக்கறதுக்குள்ள ஆறு மாடியும் கூட்டித் துடைக்கணும்."

"அதோ வண்டி நிக்குதே, ஏறிப் போகலாமே?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரிச் சொன்னார். "அதுல ஏறினா அதுக்குத் தனி டிக்கெட் சார். இந்த ரெண்டாவது பஸ் காசை மிச்சம் பிடிச்சாத்தான் மாசக் கடைசி வாரத்துல முதல் பஸ்ஸுல ஏற முடியும்."

நான் அவரோடு நடந்தேன். நாற்பத்தெட்டு நிமிடம். நடுவில் மூன்று நிறுத்தங்கள், மூன்றிலும் நிழற்குடை இருக்கிறது. சாயங்காலமும் அவர் அதே வழியில் நடந்து வந்து, அதே சந்தியில்தான் வண்டி ஏறுகிறார்.

புள்ளியியல் மாணவர்கள் இப்போது கவனிக்க வேண்டும். பல நகரங்களில் பேருந்தில் ஏறும்போதுதான் அட்டையைத் தட்டுகிறோம், இறங்கும்போது தட்டுவதில்லை. இறங்கிய இடத்தைக் கணினி ஊகிக்கிறது. எப்படி? அடுத்து எங்கே ஏறினாரோ, அதற்குப் பக்கத்தில்தான் முன்பு இறங்கியிருப்பார் என்று. காலையில் குடியிருப்பில் ஏறினார், மாலையில் சந்தியில் ஏறினார். ஆகவே அவர் வேலை செய்யும் இடம் சந்தி. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அந்த அம்மா தினமும் ஒன்றரை மணி நேரம் நடக்கிறார் என்பது எந்தச் சர்வரிலும் இல்லை. வரைபடத்தில் இருந்த அந்தச் சிவப்பு வட்டம் வேலை செய்யும் இடமல்ல, காசு தீர்ந்த இடம். அதிகாரிகள் பாதிக் கிணறு தாண்டி வரைபடம் போட்டார்கள், அந்த அம்மாவோ தினமும் பாதிக் கிணற்றில் இறங்கி நடக்கிறார்.

ஐக்கிய நாடுகள் சபை 2030-க்கு வைத்திருக்கும் வளர்ச்சி இலக்குகளில் 11.2 என்பது எல்லோருக்கும் எட்டும் போக்குவரத்து. வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பேருந்து நிறுத்தமோ, 1 கிலோமீட்டருக்குள் ரயில் நிலையமோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த அம்மாவின் வீட்டு வாசலிலேயே நிறுத்தம் இருக்கிறது. அளவுகோல்படி அவருக்கு ஒரு குறையும் இல்லை.

ஆகவே தரவை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். யார் எங்கே போகிறார்கள் என்று மட்டும் பார்க்காதீர்கள். யார் மாறி ஏறவில்லை என்று பாருங்கள். ஒரே சந்தியில் இரண்டு தடம் சேருகிறது, ஆனால் ஒரு குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் மட்டும் அடுத்த வண்டிக்கு மாறுவதில்லை என்றால், அங்கே கேள்வி இருக்கிறது. மாதக் கடைசி வாரத்தில் எந்த நிறுத்தத்தில் கூட்டம் குறைகிறது என்று பாருங்கள். எந்த வட்டாரத்தில் அட்டையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள். மாத பாஸ் மலிவு என்பது அவர்களுக்கும் தெரியும், மொத்தமாகக் கொடுக்கக் கையில் பணம் இருப்பதில்லை. இல்லாதவன் ஒவ்வொரு பயணத்துக்கும் அதிக விலை கொடுக்கிறான், பதிவேட்டில் அது அப்படியே பதிந்து கிடக்கிறது.

பார்த்த பிறகு என்ன செய்வது? இத்தனை ஆண்டுகளாக நான் எல்லா மேடையிலும் கேட்பதை இங்கேயும் கேட்கிறேன். ஒரு பயணத்துக்கு ஒரு டிக்கெட். நடுவில் எத்தனை வண்டி மாறினாலும் மறு கட்டணம் கூடாது. இது நடக்காத காரியம் என்பார்கள். சியோல் 2004 ஜூலையில் பேருந்தையும் சுரங்க ரயிலையும் ஒரே கட்டணக் கணக்கில் சேர்த்தது, மாறி ஏறினாலும் போன தூரத்துக்குத்தான் காசு. சிங்கப்பூர் 2010-இல் அதே வழிக்கு வந்தது. லண்டனில் 2016 செப்டம்பரில் ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் இரண்டாவது பேருந்து இலவசம் ஆயிற்று, 2018 ஜனவரியில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2004-இல் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குக் கம்பிவடப் பெட்டி விட்டபோது, கீழே இறங்கி மெட்ரோவுக்கு மாற வேறு டிக்கெட் கேட்கவில்லை. கம்பிவடத்தை மட்டும் போட்டுவிட்டு மெட்ரோவுக்குத் தனிக் காசு வாங்கியிருந்தால்? சொல்லுங்கள். பாதிக் கிணறு!

வருமானம் குறையுமே என்று நிர்வாகம் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் அந்த அம்மாவிடமிருந்து இரண்டாவது டிக்கெட்டுக்கு இன்று என்ன வருமானம் வருகிறது? ஒன்றும் இல்லை. அவர்தான் நடக்கிறாரே. காலி இருக்கையோடு வண்டி அவரைத் தாண்டிப் போகிறது. அவரை ஏற்றிக்கொள்வதால் எரிபொருள் எவ்வளவு கூடிவிடும் என்று முன்வரிசைக்கு வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களைக் கேளுங்கள்.

1965-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், ஏழைக் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தது. காரணம் தேடிய விசாரணைக் குழு, வேலைக்குப் போய்வரச் சரியான பேருந்து இல்லாததையும் ஒரு குறையாக எழுதி வைத்தது. அன்று அட்டையும் கிடையாது, தரவும் கிடையாது, நெருப்பு பிடித்த பிறகுதான் தெரிந்தது. இன்று தினமும் காலை நாலரை மணிக்கே தெரிகிறது.

தலைவர் அம்மா துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது விஷயமான அந்தரங்கத்துக்கு நேரம் இல்லை, மன்னிக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் தரவு எங்களுக்கு வேண்டாம். வட்டார வாரியாக, மணிக்கணக்கு வாரியாகக் கூட்டிய எண்ணிக்கை போதும். அதை மாதந்தோறும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மாறி ஏறியவர்கள் எத்தனை பேர் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வாசலுக்கு இடப்பக்கம் மேஜையில் மனு இருக்கிறது. ஒரே பக்கம்தான், இரண்டே கோரிக்கை. மாறி ஏறினால் மறு கட்டணம் வேண்டாம், மாதாந்திரத் தரவு வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நடத்துநர் தோழர்கள் தங்கள் தடத்தில் எந்தச் சந்தியில் ஆட்கள் இறங்கி நடக்கிறார்கள் என்று பக்கத்தில் இருக்கும் நோட்டில் எழுதித் தந்தால் பெரிய உதவி. அதிகாரி அவர்களே, முதல் பிரதியை இப்போதே உங்கள் கையில் கொடுக்க அனுமதி கேட்கிறேன். நன்றி, வணக்கம்.