இத்தாலித் தட்டும் நம் கல்வட்டங்களும்

அவையோருக்கு வணக்கம். வரலாறு ஏட்டைப் படிக்கும், தொல்லியல் மண்ணைத் தோண்டும் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். நடைமுறையில் தொல்லியல் நெடுநாள் வரலாற்றிடம் கடன் வாங்கியே பிழைத்தது. எந்தக் கடன்? தேதி.

1945ல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். அப்போது இந்தியத் தொல்லியல் துறையின் தலைவரே அவர்தான். தென்னிந்திய மண்ணில் கிடைக்கும் ஒரு பானை ஓட்டுக்கு உறுதியாக வயது சொல்ல அன்று வழி இல்லை. அரிக்கமேட்டில் அந்த வழி கிடைத்தது: இத்தாலியில் செய்த சிவப்பு அரிட்டைன் தட்டுகளின் உடைசல். அவற்றின் காலம் ரோமானிய வரலாற்றில் ஏற்கெனவே தெரியும். அதை வைத்து, கூடக் கிடந்த ரௌலட்டட் ஓடுகளுக்கும் (உள்ளே வட்டவட்டமாகப் புள்ளிக் கோலம் போட்ட பானை ஓடுகள்) கி.பி. முதல் நூற்றாண்டையொட்டித் தேதி போட்டார். 1947ல் கர்நாடகத்துப் பிரம்மகிரியிலும் ரௌலட்டட் ஓடு கிடைத்தது. சரி, தேதியும் அங்கே போயிற்று. அந்த அடுக்குக்குக் கீழே இருந்த பெருங்கற்காலத்தை, அதாவது இரும்பு புழங்கிய, கல்வட்டம் போன்ற ஈமச்சின்னங்களைப் பெருங்கற்களால் எழுப்பிய காலத்தைக் கணக்குப் பார்த்து, கி.மு. 200 வாக்கில் தொடங்கியது என்றார். நம் கல்வட்டங்களின் வயதை எங்கோ ஒரு இத்தாலியக் குயவர் முடிவுசெய்துவிட்டார்!

வீலரின் கெட்டிக்காரத்தனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தேதியோடு ஒரு பார்வையும் ஒட்டிக்கொண்டு வந்தது. ரோமானிய வணிகத்தால்தான் அரிக்கமேடு ஓர் ஊராகத் தலைதூக்கியது என்ற பார்வை. தொல்லியலாளர் விமலா பெக்லி குழுவினர் 1989 முதல் 1992 வரை மறுபடி தோண்டியபோது, ரோமானியச் சரக்கு வருமுன்பே அங்கே ஊர் நடந்துகொண்டிருந்தது தெரிந்தது. இதற்கிடையில், 1949ல் வேதியியலாளர் வில்லார்ட் லிபி தந்த கரிமக் காலக்கணிப்பால் (எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் முறை) தொல்லியலுக்குச் சொந்தக் கடிகாரமும் வந்திருந்தது. கர்நாடகத்து ஹள்ளூரில் இரும்பின் காலம் கி.மு. 1000 வாக்கு வரை பழமைக்குப் போனது.

இப்போது நாம் வேறு மாதிரி கேட்கிறோம். பாட்டில் இருப்பதை மண் நிரூபிக்க வேண்டுமாம். கொடுமணலையே பாருங்கள். பதிற்றுப்பத்து கொடுமணத்து அருங்கலத்தைப் புகழ்கிறது. நொய்யல் கரையில் தோண்டினார்கள், ஊர் கிடைத்தது. "பாட்டு உண்மை" என்று கைதட்டிவிட்டு எழுந்துவிட்டோம். உண்மையில் அங்கே கிடைத்தது பட்டறை: இரும்பு உலை, கசடு, பாதி வேலையில் விட்ட கல்மணிகள். சம்பன், சுமணன் என்று பானையில் கீறிய பெயர்கள். வடக்கிலிருந்து வந்தவர்களும் இவர்களில் இருந்திருக்கலாம். பரிசில் பெற்ற புலவருக்கு இவர்கள் கணக்கிலேயே இல்லை. அந்த இடத்தில்தான் வரலாற்று மாணவருக்கு வேலை தொடங்குகிறது.

அதற்கு அகழாய்வு அறிக்கை கையில் வேண்டும். ஆதிச்சநல்லூரில் 2004-05ல் தோண்டியதற்கு முழு அறிக்கை வர எத்தனை ஆண்டு காத்திருந்தோம்! அதுவரை நாளிதழ்ச் செய்தியை வைத்துத்தான் ஆளாளுக்கு வரலாறு எழுதினார்கள். வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் சிலர் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். மண்ணடுக்குப் படத்தைப் படிக்க முதுகலையில் ஒரு தாளாவது வையுங்கள்.