ஊரோடு வந்த பெயர்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

சோங் பாங் என்றதும் இன்று நம் நினைவுக்கு வருபவை சிங்கப்பூரின் யீஷூன் நகரில் உள்ள ஈரச்சந்தையும் உணவங்காடியும்தான். ஆனால் அந்தப் பெயர் அங்கே பிறந்ததன்று. செம்பாவாங்கில் கடற்படைத் தளத்தின் வாயிலுக்கு வெளியே இருந்த ஒரு கம்பத்தின், அதாவது கிராமத்தின், பெயர் அது. கம்பம் கலைக்கப்பட்டபோது மக்களோடு சேர்ந்து அதுவும் குடிபெயர்ந்தது.

பிரிட்டிஷார் 1938இல் திறந்த அந்தத் தளத்துக்குத் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஏராளமானோர் வேலைக்கு வந்தனர். தளத்துக் குடியிருப்புகளில் இடம் பெற்றவர்கள் உள்ளேயும், மற்றவர்கள் வெளியே சோங் பாங் கம்பத்தில் சீனர், மலாய்க்காரர்களோடு அண்டை அயலாராகவும் வாழ்ந்தனர். ரப்பரிலும் அன்னாசியிலும் பெருஞ்செல்வம் ஈட்டிய லிம் நீ சூனின் மகன் லிம் சோங் பாங். கம்பத்துக்கு வைக்கப்பட்டது அவருடைய பெயர்தான். நீ சூன் என்பதன் மாண்டரின் வடிவமே யீஷூன் என்பதால், தந்தையின் பெயர் தாங்கிய நகரத்துக்குள் மகனின் பெயரும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

1971க்குள் படைகளை மீட்டுக்கொள்வதாக 1968 ஜனவரியில் லண்டன் அறிவித்ததும் தளத்துக் குடும்பங்களின் பிழைப்பே கேள்விக்குறியானது. கப்பல் பழுதுபார்க்கும் துறை அதே ஆண்டு செம்பாவாங் கப்பல் பட்டறையாக மாறியதால் ஒரு பகுதியினருக்கு வேலை நிலைத்தது. 1980களில் கம்பமும் கலைக்கப்பட, வாசலில் அமர்ந்து பேசிப் பழகியவர்கள் அடுக்குமாடி வீடுகளில் தனித்தனி மாடிகளுக்குப் பிரிந்து போயினர்.

1989 மார்ச்சில் நடப்புக்கு வந்த அரசாங்க அடுக்குமாடி வீடுகளுக்கான இன ஒருங்கிணைப்புக் கொள்கை, இந்தியரும், சீனர் மலாய்க்காரர் அல்லாத பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு வட்டாரத்தில் 10 விழுக்காட்டையும் ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், 13 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது என வரம்பு விதித்தது. அந்த வரம்புகள் பின்னர் உயர்த்தப்பட்டன. இனவாரியாகக் குடியிருப்புகள் ஒதுங்கிவிடக்கூடாது என்ற அதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும், ஏற்கெனவே கம்பத்தை இழந்துவிட்ட குடும்பங்களுக்கு, பழைய அண்டை வீட்டாரின் பக்கத்திலேயே வீடு தேடுவது அதனால் மேலும் கடினமாயிற்று என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

அந்த உறவுகள் இன்றும் கூடும் இடம் ஒன்று உண்டு. செம்பாவாங்கில் 1960களில் மரத்தடி வழிபாடாகத் தொடங்கிய புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமும் இடம்பெயர்ந்தது. 1996இல் யீஷூன் தொழிற்பேட்டையில் அதற்குக் குடமுழுக்கு நடந்தது. பங்குனி உத்திரத்தன்று அங்கே சென்று பாருங்கள். தீவின் பல மூலைகளுக்கும் சிதறிப்போன தளத்துக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், தாத்தா வணங்கிய முருகனுக்குப் பால்குடம் ஏந்தி வரிசையில் நிற்பார்கள்.