ரெண்டு டேபிளை ஒப்பிட நீங்க எழுதின எஸ்கியூஎல் குவெரி "0 வித்தியாசம்"னு சொல்லுதா? அவசரப்பட்டு நம்பாதீங்க!

[திரையில்: குவெரி ஓடி முடிகிறது. முடிவு: 0 ரெக்கார்டு]

பில் டேபிள்ல 101 முதல் 105 வரைக்கும் அஞ்சு பில் இருக்கு. வரவு டேபிள்ல 101, 102, 103-க்கு மட்டும்தான் பணம் வந்திருக்கு. "பணம் வராத பில் எது?"ன்னு கேட்டா, டேட்டாபேஸ் "ஒண்ணுமே இல்லை"ங்குது. எரர் வரலை, வார்னிங் வரலை, குவெரியில எழுத்துப்பிழையும் இல்லை. ரெண்டு பில்லுக்குப் பணம் வசூலாகாமலே போயிடும். ஏன் இப்படி?

போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ்ல ஓட்டிக் காட்டுறேன். மத்த டேட்டாபேஸ்கள்ல எங்க மாறுதோ அங்கங்க சொல்லிடறேன்.

அடிப்படையை வேகமா முடிச்சிடலாம். நமக்கு வேண்டியது மூணு பதில்: இங்க இருந்து அங்க இல்லாதது, அங்க இருந்து இங்க இல்லாதது, ரெண்டுலயும் இருந்தும் உள்ளே மாறிப்போனது. ரெண்டு டேபிள்லயும் கவுண்ட் 10,000-னு வந்தா வேலை முடியலை. பந்தியில இலையை எண்ணினா எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு தெரியும், யார் யார்னு தெரியாது.

[திரையில்: வரவு டேபிள். நாலாவது ரெக்கார்டில் பில் எண் காலி]

இதோ, குற்றவாளி! யாரோ அட்வான்ஸ் கட்டியிருக்காங்க. பில் இன்னும் போடலை, அதனால பில் எண் 'நல்', அதாவது மதிப்பே இல்லாத காலி இடம். நம்ம குவெரி 'நாட் இன்' போட்டு, அதாவது "வரவுல இருக்கிற எண்கள்ல இல்லாத பில்"னு எழுதினது. வீடியோவை நிறுத்திட்டு, 104-க்கு என்ன நடக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

104-உம் 101-உம் வேற வேறயா? ஆமா. 102? ஆமா. 103? ஆமா. 'நல்'? டேட்டாபேஸ் இங்க ஆமான்னும் சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது, "தெரியாது"ங்கும். அந்தக் காலி இடத்துல 104-ஏ இருந்திருக்கலாமே! நாலு பதிலையும் 'அண்ட்' போட்டுச் சேர்த்தா மொத்தமும் "தெரியாது". குவெரியில வடிகட்டுற பகுதியான 'வேர்' உள்ளே விடுறது "ஆமா"வை மட்டும்தான். 105-க்கும் அதே கதி. ஒரே ஒரு காலி பில் எண், மொத்த முடிவையும் துடைச்சிடுது.

'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போடுங்க. இந்தப் பில் எண்ணோட பொருந்துற வரவு இருக்கா இல்லையான்னு மட்டும் அது பார்க்கும். 104, 105 ரெண்டும் வந்துடும். ஒப்பிடுற வேலையில 'நாட் இன்'னைத் தொடவே வேண்டாம்ங்கிறது என் கட்சி.

எல்லா பில்லையும் வெச்சுக்கிட்டு, பொருந்துற வரவைப் பக்கத்துல சேர்க்கிற 'லெஃப்ட் ஜாயின்' போட்டு, வலது பக்கம் 'நல்'லா வர்றதை எடுக்கிறதும் சரியான வழிதான். ஆனா "இந்த மாச வரவு மட்டும்"ங்கிற நிபந்தனையை 'வேர்'ல போட்டுடாதீங்க, ரெண்டு டேபிளையும் பொருத்துற 'ஆன்'ல போடுங்க. பொருந்தாத பில்லுக்கு வரவுத் தேதியே 'நல்'தான். 'வேர்'ல தேதியைக் கேட்டா அது வெளியே போயிடும். மறுபடியும் பூஜ்யம்!

[திரையில்: பழைய வாடிக்கையாளர் டேபிள், புது வாடிக்கையாளர் டேபிள்]

இப்ப வேற வேலை. பழைய சாஃப்ட்வேர்ல இருந்து புதுசுக்கு டேட்டாவை மாத்தியாச்சு, முழுசா ஒப்பிடணும். சுருக்கமான வழி 'எக்செப்ட்': முதல் டேபிள்ல இருந்து ரெண்டாவதுல இல்லாத ரெக்கார்டைக் காட்டும். ஆரக்கிள்ல 'மைனஸ்'னு எழுதுவாங்க, மைஎஸ்கியூஎல்ல 8.0.31-லதான் 'எக்செப்ட்' வந்துச்சு. ரெண்டு பக்கமும் 'நல்'னா அதை ஒண்ணாவே எடுத்துக்கும், அது நல்ல குணம். ரெண்டு திசையிலயும் ஓட்டுங்க. ஆனா இது டூப்ளிகேட்டை ஒண்ணாக்கிடும். பழசுல ஒரே ரெக்கார்டு ரெண்டு தடவை, புதுசுல ஒரு தடவைன்னா ரெண்டு திசையிலயும் பூஜ்யம்தான். 'எக்செப்ட் ஆல்' போட்டா மாட்டிக்கும்.

எந்த ஃபீல்டு மாறிச்சுன்னு தெரியணும்னா, வாடிக்கையாளர் எண்ணை வெச்சு, ரெண்டு பக்கத்து ரெக்கார்டையும் விடாம சேர்க்கிற 'ஃபுல் அவுட்டர் ஜாயின்' போட்டு, ஒவ்வொரு ஃபீல்டையும் 'நல்'லையும் ஒப்பிடத் தெரிஞ்ச 'இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்' கொண்டு பாருங்க. "சமமில்லை" குறி போட்டா, பழசுல போன் நம்பர் இருந்து புதுசுல 'நல்'லா போனது தெரியவே தெரியாது. எஸ்கியூஎல் சர்வர்ல 'இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்' 2022 பதிப்புல வந்தது. மைஎஸ்கியூஎல்ல ஃபுல் அவுட்டர் ஜாயினே இல்லை. ரெண்டு லெஃப்ட் ஜாயினோட முடிவை 'யூனியன்' போட்டு ஒண்ணாச் சேர்க்கணும்.

[திரையில்: கோபால் | கோபால்]

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வந்துட்டோம். இதுவரைக்கும் இருக்கிற வித்தியாசம் ஒளிஞ்சுது. இப்ப இல்லாத வித்தியாசம் முளைக்குது! திரையில இருக்கிற ரெண்டு கோபாலும் ஒண்ணு இல்லைன்னு டேட்டாபேஸ் சொல்லுது. பைட்டை எண்ணிச் சொல்ற 'ஆக்டெட் லெங்த்' போட்டுப் பாருங்க: ஒண்ணு 18 பைட், இன்னொண்ணு 21.

யூனிகோட்ல ஓகாரக் குறியை ஒரே குறியாவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாவும் எழுதலாம். எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். அந்த ஒரு குறிதான் வித்தியாசம். போஸ்ட்கிரெஸ் 13-ல இருந்து 'நார்மலைஸ்' ஃபங்ஷன் இருக்கு. ரெண்டு பக்கமும், பிரிஞ்ச குறிகளை ஒண்ணாச் சேர்க்கிற 'என்எஃப்சி' வடிவத்துக்கு மாத்தி ஒப்பிட்டா கோபால் சரியாயிடுவார்.

சௌந்தர்யா சரியாக மாட்டாங்க! நிறைய பேர் 'சௌ'வை 'செ' அடிச்சு, பக்கத்துல 'ள' அடிச்சு எழுதுறாங்க. பார்வைக்கு ஒண்ணுதான். ஆனா 'ள' நிஜமான தனி எழுத்து, அதனால நார்மலைஸ் அதைத் தொடாது. ஔவைக்கும் இதே கதை: ஒ, பக்கத்துல ள. மொத்தமா மாத்திடலாம்னு 'ரீப்ளேஸ்' போட்டீங்கன்னா 'ஒளி'யும் கெட்டுப்போகும். குறி எதுவும் சேராத வெறும் 'ள' வர்ற பெயர்களை மட்டும் பட்டியல் எடுத்து, ஒரு ஆள் கண்ணால பார்த்துத் திருத்தணும். உங்க டேபிள்ல எத்தனை 'செள' மாட்டுச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, எனக்கு நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற ஸ்பேஸை நீக்குற 'ட்ரிம்' எல்லாத்தையும் துடைச்சிடும்னும் நினைக்காதீங்க. அது எடுக்கிறது சாதாரண ஸ்பேஸை மட்டும்தான். வெப் பக்கத்துல இருந்து காப்பி பண்ணும்போது ஒட்டிக்கிட்டு வர்ற பிரேக் ஆகாத ஸ்பேஸ் அப்படியே நிக்கும்.

கடைசியா, குவெரியையே சோதிக்கிறது எப்படி? டேட்டாபேஸ் காப்பியில 'பிகின்' போட்டு ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் ஆரம்பிங்க. புது டேபிள்ல ஒரு ரெக்கார்டை அழிங்க, ஒரு பெயர்ல எழுத்தை மாத்துங்க, ஒரு போன் நம்பரை 'நல்' ஆக்குங்க. மூணும் வேற வேற ஆளா இருக்கட்டும். இப்ப ஒப்பீட்டை ஓட்டினா, முன்னாடி வந்ததைவிட மூணு பேர் கூடுதலா மாட்டணும். ஒண்ணு குறைஞ்சாலும் குவெரியைத் திருத்துங்க. முடிச்சதும், செஞ்ச மாற்றத்தை எல்லாம் திரும்ப எடுக்க, மறக்காம 'ரோல்பேக்'.