உடம்பெல்லாம் கண்! பைபிள் ஏஞ்சலும் நம்ம சேலம் முனியப்பனும்

நாலு முகம், நாலு இறக்கை. முதுகு, கை, இறக்கை என்று எங்கே பார்த்தாலும் கண். பக்கத்தில் ஒரு சக்கரம், அதிலும் கண்! பேய்ப் பட போஸ்டர் இல்லைங்க. பைபிளில் எசேக்கியேல் புத்தகம், 1 மற்றும் 10-ஆம் அதிகாரங்கள். அங்கே வருகிற கேருபீன்கள் என்ற ஒரு வகைத் தேவதூதர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள்.

வணக்கம் மக்களே! டிசம்பர் வந்தால் நம்ம ஊர்ப் பள்ளிக்கூட நாடகத்தில் ஒரு பாப்பா வெள்ளை கவுனும் தெர்மாகோல் இறக்கையுமாக ஏஞ்சலாக வருமே, அது எங்கிருந்து வந்தது? வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதிக் கிறிஸ்தவ ஓவியங்களில் தேவதூதருக்கு இறக்கையே கிடையாது. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் முளைத்தது. கொழுகொழு குழந்தை முகம், ரோமானியர்களின் மன்மதன் சிலையைப் பார்த்து மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் ஒட்டவைத்தது. வரலாறு முடிந்தது.

இப்போது நம்ம ஊருக்கு வாங்க. சேலத்து வெண்ணங்கொடி முனியப்பன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? உருட்டி விழிக்கும் கண், முறுக்கு மீசை, கையில் ஆயுதம். முதல் தடவை பார்க்கிற குழந்தை வீல் என்று அழும். "நமக்கு எதுக்குடா பயம்? அவர் நம்ம காவலுக்கு இருக்காரு" என்று பாட்டி சமாதானம் செய்வார். பைபிளில் அந்த வேலையைத் தூதரே செய்துவிடுகிறார்! சகரியாவிடம், மரியாளிடம், வயல்வெளி மேய்ப்பர்களிடம், எல்லாரிடமும் "பயப்படாதே"தான். தெர்மாகோல் இறக்கைப் பாப்பா வந்து நின்றால் யாராவது பயப்படுவார்களா, சொல்லுங்க?

ஆயுதமும் உண்டு. பிலேயாம் கழுதையில் போகும்போது தூதர் உருவிய வாளோடு வழிமறிக்கிறார். கழுதைக்குத் தெரிகிறது, மேலே உட்கார்ந்திருக்கும் தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை! (எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது.) அசீரியர்களின் படை முகாமில் ஒரே இரவில் 1,85,000 பேரைச் சாய்த்ததும் ஒரே ஒரு தூதர்தான். என்னைக் கேட்டால், கிறிஸ்துமஸ் கார்டு ஏஞ்சலைவிட நம்ம முனியப்பன்தான் இவர்களுக்கு நெருங்கிய சொந்தம்.

ஆனால் எல்லாத் தூதரும் மிரட்டுவதில்லை. சோதோம் நகரத்துக்குப் போன தூதர்கள் சாதாரண வழிப்போக்கர் மாதிரிதான் இருந்தார்கள். இஸ்லாத்தில் மலக்குகள், அதாவது தேவதூதர்கள், ஒளியால் படைக்கப்பட்டவர்கள், ஜிப்ரீல் என்ற தூதருக்கு 600 சிறகுகள் என்று ஹதீஸ் (நபிமொழி) சொல்கிறது. அதற்குத் தனி வீடியோவே போடலாம்.

ஒரு இடத்தில் மட்டும் என் ஒப்பீடு படுத்துவிடுகிறது. முனியப்பன் ஒரு சாமி. அவருக்குப் பொங்கல் வைப்போம், கிடா வெட்டுவோம், புது வண்டிக்குப் பூஜை போடுவோம். ஆனால் தூதர் சாமி இல்லை. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் யோவான் தூதரின் காலில் விழப் போகிறார். தூதரோ, வேண்டாம், நானும் உன்னைப் போல ஒரு ஊழியக்காரன்தான், கடவுளை வணங்கு என்று தடுத்துவிடுகிறார். அதுவும் யோவானுக்கு இது இரண்டாவது தடவை!

இதைவிட மிரட்டலான தூதர் யாராவது தெரிந்தால் கமெண்டில் போடுங்க. உங்க ஊர் முனியப்பன் பெயரையும் சேர்த்துப் போடுங்க, சேலத்துக்காரர்கள் இதில் சோம்பேறித்தனம் காட்டக் கூடாது!